இது என்ன சாதி நாய்? காப்பக நாய்களின் இனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணைகளிலும் பேருந்து நிலையங்களிலும் கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வந்து, மருத்துவம் பார்த்துத் தத்துக் கொடுக்கும் வேலையைச் சிலர் சேர்ந்து செய்துவருகிறோம். நாய் எடுக்க வருகிறவர்கள் கேட்பதில் பெரும்பகுதி இனத்தைப் பற்றியதாகவே இருப்பதால், அக்கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

"இது என்ன சாதி நாய்?" என்று கேட்டால் ஏன் ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை?

சாதி நாய் என்று நாம் வழக்கமாகச் சொல்வது, தாயும் தகப்பனும் அவற்றின் முன்னோரும் இன்னவை என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் எழுதப்பட்ட நாயை. எங்களிடம் வரும் குட்டிகளில் தாயை யாராவது பார்த்திருந்தாலே அது பெரிய செய்தி. தகப்பனைப் பார்த்தவர் அநேகமாக இருப்பதில்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வரும் நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேரக்கூடும் என்பதால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் உண்டு. ஆகவே ஒரு குட்டிக்கு நாங்கள் செய்யும் ஊகம் அதன் கூடப்பிறந்த குட்டிக்கே பொருந்தாமல் போகலாம்.

கோட்டையூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர், "தம்பி, சாதி தெரியாம வீட்டுக்குள்ள எப்படி விடுறது?" என்று கவலையோடு கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியவை வேறு: பேரப்பிள்ளைகளைக் கடிக்குமா, முற்றத்தில் கட்டிப்போட்டால் இரவெல்லாம் குரைக்குமா, எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு சாப்பிடும் என்பவை. இந்த நான்குக்கும் இனப் பெயரைவிட அந்த நாயே தெளிவான பதில் தரும் என்பதுதான் எங்கள் அனுபவம்.

தெருவில் திரியும் நாட்டு நாய்கள் எல்லாம் பல இனங்கள் கலந்தவைதானே?

இல்லை. இந்தத் தவறான எண்ணமே மற்றப் பல குழப்பங்களுக்கு வேர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாப்ரடார், டாபர்மேன், பொமரேனியன் போன்ற பெரும்பாலான மேலைநாட்டு இனங்கள் இன்றைய வடிவத்தில் நிலைபெற்று நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. இங்கிலாந்தில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப் தொடங்கப்பட்டதே 1873இல்தான். மனிதர் தேர்ந்தெடுத்து இணைசேர்க்காமல், ஊரோடு ஒட்டி வாழ்ந்து தாமாகப் பெருகிய நாய்களின் கால்வழியோ அதற்கு வெகுகாலம் முந்தியது. 2015இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, 38 நாடுகளைச் சேர்ந்த 549 ஊர் நாய்களையும் 161 இனங்களைச் சேர்ந்த 4,676 சாதி நாய்களையும் ஒப்பிட்டது. அதில் இந்திய ஊர் நாய்களும் இடம்பெற்றன. நாய்களின் தொடக்க வரலாற்றைத் தேட ஆய்வாளர்கள் ஊர் நாய்களிடம் சென்றதற்குக் காரணம், சாதி நாய்களிடம் காணாமல்போன பழைய வேறுபாடுகள் இவற்றிடம் இன்னும் எஞ்சியிருப்பதுதான்.

ஆகவே செவலை நிறமும் குட்டை மயிரும், நிமிர்ந்த காதும் மேல்நோக்கிச் சுருண்ட வாலும், ஒடுங்கிய வயிறும் கொண்ட ஒரு நாயைப் பார்த்து "எதோ எதோ கலந்தது" என்று சொல்வது பிழை. அது நாட்டு நாய், அப்படியே சொல்லலாம். நகரங்களை ஒட்டிய இடங்களில் வளர்ப்பு நாய்களின் கலப்பு ஏற்படுவது உண்மைதான். ஆனால் கலப்பு இருக்கிறது என்பதற்கு ஏதேனும் அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லாதபோது நாட்டு நாய் என்றே தொடங்குவது சரி.

அனுபவம் உள்ளவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிட முடியாதா?

நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினோம். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 20 கலப்பின நாய்களைச் சோதித்தார்கள். அவற்றில் 16 நாய்களுக்குக் காப்பகங்கள் குறிப்பிட்ட இனப் பெயர்களைச் சொல்லியிருந்தன. சொன்ன இனங்களில் ஒன்றாவது டி.என்.ஏ. சோதனையில் முதன்மை இனமாகத் தெரிந்தது 4 நாய்களில் மட்டுமே. 2018இல் அரிசோனா, கலிபோர்னியா மாநிலக் காப்பகங்கள் இரண்டில் 900க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து இன்னும் பெரிய ஆய்வு நடந்தது. அங்கே ஊழியர்கள் கலந்திருந்த இனங்களில் ஒன்றையாவது சரியாகச் சொன்னது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமே. நாள்தோறும் நாய்களோடு இருப்பவர்களின் கணக்கே இது.

ஏன் கண் இவ்வளவு ஏமாறுகிறது?

நாம் இனம் என்று அடையாளம் காணும் தோற்றம் மிகச் சில மரபணுக்களின் வேலை. நாய்க்குச் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு. அவற்றில் மூன்றே மூன்றின் வேறுபாடுகள், மயிர் நீளமா குட்டையா, சுருளா நேரா, மீசையும் புருவமும் அடர்ந்ததா என்பதில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன என்று 2009இல் கண்டறிந்தார்கள். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக் கால் இனங்களின் கால்களுக்குக் காரணமும் ஒற்றை மரபணுவின் மிகைப் பிரதிதான். கொள்ளுத்தாத்தா வழியில் வந்த ஒரு சிறு துணுக்கு நாயின் உருவத்தையே மாற்றிவிடலாம். பாதிக்குப் பாதி கலந்த இனம் உருவத்தில் தெரியாமலே மறைந்தும் போகலாம்.

நீள மயிரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். குட்டை மயிர் கொண்ட இரண்டு தெரு நாய்கள் அதை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றுக்குப் புசுபுசுவென்று ஒரு குட்டி பிறக்கும். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரே ஈற்றில் ஐந்து குட்டிகள் எங்களிடம் வந்தபோது, நான்கு சாதாரண நாட்டுக் குட்டிகளாகவும் ஒன்று மட்டும் அடர்ந்த மயிரோடும் இருந்தன. அந்த ஒன்றை "பொமரேனியன்" என்று கேட்டு மூன்று குடும்பங்கள் வந்தன. மற்ற நான்கையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதே தாய், அதே திண்ணை. அந்த நான்கு குட்டிகள் மாதக்கணக்கில் வீடு கிடைக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. (இந்தியாவில் பொமரேனியன் என்று விற்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.)

ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பசன்ஜி இனத்தையும் காக்கர் ஸ்பேனியல் இனத்தையும் இணைசேர்த்துத் தலைமுறைகளைப் பதிவு செய்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் தலைமுறைக் குட்டிகளைப் பார்த்து அவற்றின் பெற்றோர் இன்ன இனம் என்று ஊகிக்க எவராலும் இயலாது. இரண்டாம் தலைமுறைக் குட்டிகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் விதவிதமாக இருந்தன. தாய் தகப்பன் தெரிந்த கலப்புக்கே இந்த நிலை.

ஒல்லியாக, நீண்ட காலும் கூர்ந்த முகமுமாக ஒரு நாய் இருக்கிறது. சிப்பிப்பாறையா, கன்னியா?

நம் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இந்த நாய்கள் தென்மாவட்டங்களில் பல தலைமுறைகளாக இருப்பவை. வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போன பிறகும் காவலுக்காக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இவற்றின் கலப்பு இங்கே நடக்கக்கூடியதே. கன்னி பெரும்பாலும் கருப்பு உடலில் கண்ணுக்கு மேலும் மார்பிலும் கால்களிலும் செம்மை படிந்தது. சிப்பிப்பாறை செவலை, சாம்பல் முதலிய பல நிறங்களில் வரும். உடலமைப்பில் இரண்டும் மிக நெருங்கியவை. கோம்பை இவற்றினின்று வேறு: தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, கட்டுக்கோப்பான உடலும் செவலை நிறமும் கருத்த வாய்ப்பகுதியும் உடையது.

ஊகிக்கும்போது நாங்கள் முதலில் கையால் தொட்டுப் பார்க்கிறோம். வேட்டை நாய் வழியில் வந்ததற்கு மார்பு ஆழமாக இறங்கி முழங்கை வரை வரும், இடுப்பு சட்டென்று உள்வாங்கும், முதுகு லேசாக வளையும், தோல் மெல்லியதாக இருக்கும், தலையோட்டின் அகலத்தைவிட முகத்தின் நீளம் மேலோங்கும். இவை அனைத்தும் சேர்ந்து இருந்தால் "வேட்டை நாய் சாயல்" என்று குறிப்பிடுகிறோம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பட்டினி கிடந்த எந்த நாட்டு நாயும் ஒல்லியாகவும் விலா எலும்பு தெரியவும்தான் இருக்கும். புதுவயல் அருகே கண்டெடுத்த நாயைச் சிப்பிப்பாறை என்று நாங்களே நம்பினோம். குடற்புழு மருந்தும் மூன்று மாதச் சாப்பாடும் கிடைத்த பின் அது அகன்ற மார்போடு, வால் சுருண்ட முழு நாட்டு நாயாக நின்றது. அதன்பிறகு, உடல் தேறும் முன் எந்த நாய்க்கும் இன ஊகம் எழுதுவதில்லை.

முழு வெள்ளையாக இருந்தால் இராசபாளையம் என்று கொள்ளலாமா?

கூடாது. வெள்ளை நிறம் பல வழிகளில் வரும். இராசபாளையம் நாய்க்கு வெள்ளை நிறத்தோடு இளஞ்சிவப்பு மூக்கும், உயர்ந்த எலும்பு வலுவுள்ள உடலும், மடிந்த காதும் சேர்ந்தே அடையாளம். இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இடம்பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. வெள்ளை நாயை எடுப்பவர்கள் இனத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது காது கேட்கிறதா என்பதை. உடலில் நிறமி குறைந்த நாய்களிடம் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. இராசபாளையத்தில் இது நன்கு அறியப்பட்ட குறை. நாய் தூங்கும்போது, அது உணராத தொலைவில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கேளாத நாயும் கையசைவுக்கு நன்றாகப் பழகும். ஆனால் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது.

கருப்பு நாய் வேண்டும் என்று கேட்டோம். காட்டிய நாய் லாப்ரடார் கலப்பா?

வைரவன்பட்டிக்குப் போய்வருகிறவர்கள் பலர் கருப்பு நாயை விரும்பிக் கேட்கிறார்கள். வைரவர் வாகனம் என்ற பக்தியோடு எடுத்துச் செல்பவர்கள் அதை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். நிறத்தைப் பொறுத்தவரை, நாய்களில் முழுக் கருப்பு ஓங்கு பண்பாக வருவது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து கிடைத்தாலே போதும். அதனால் லாப்ரடார் நெருங்காத தெருவிலும் கருங்குட்டிகள் பிறக்கும். லாப்ரடார் கலப்பை ஊகிக்க வேண்டுமானால் அடி பருத்து நுனி சிறுத்த வால், அடர்ந்த இரட்டை மயிர், அகன்ற தலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அது ஊகமே.

நாக்கில் கருப்புப் புள்ளி இருக்கிறது. கருநீல நாக்குள்ள சௌ சௌ இனத்தின் கலப்பா?

அதற்கு அது சான்றல்ல. நாக்கில் நிறமித் திட்டு பல இனங்களிலும் நாட்டு நாய்களிலும் இயல்பாகவே வரும்.

குட்டியின் காது மடிந்திருக்கிறது. ஆகவே நாட்டு நாய் இல்லை என்று சொல்லலாமா?

எல்லாக் குட்டிகளுக்கும் தொடக்கத்தில் காது மடிந்தே இருக்கும். நிமிரக்கூடிய காது நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் மெல்ல நிமிரும். பல் முளைக்கும் காலத்தில் ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் நிற்பதுண்டு. "லாப்" என்று நம்பி எடுத்துச் சென்று, காது நிமிர்ந்தவுடன் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்த குடும்பம் உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இனம் சொல்ல நாங்கள் மறுப்பது இதனால்தான்.

அப்படியானால் எவ்வளவு பெரிதாகும் என்பதை எப்படி அறிவது?

முதலில் வயது தெரிய வேண்டும். அதைப் பல் சொல்லும். மூன்று முதல் ஆறு வாரங்களில் பால்பற்கள் 28 முளைக்கும். மூன்றரை, நான்கு மாத அளவில் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வரும். ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் நிறைந்துவிடும். வயது தெரிந்ததும் எடை போடுங்கள். நடுத்தர அளவுள்ள நாய், நான்கு மாதம் கடக்கும்போது தன் முழு எடையில் ஏறக்குறைய பாதியை எட்டியிருக்கும். நான்கு மாதத்தில் 9 கிலோ இருக்கும் குட்டி, 18 கிலோவை ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். நாட்டு நாய்களில் பெரும்பாலானவை 15 முதல் 25 கிலோவுக்குள் அடங்கும். பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் முடிவு தெரிந்துவிடாதா?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் சோதனை இது. நிறுவனம் தன்னிடமுள்ள இனங்களின் மரபணுத் தொகுப்போடு உங்கள் நாயின் மாதிரியை ஒப்பிட்டு, எந்தப் பகுதி எதனோடு பொருந்துகிறது என்று கணக்கிடுகிறது. ஆகவே தொகுப்பில் எது இருக்கிறதோ அதைத்தான் விடையாகத் தர முடியும். நாட்டு நாயின் மாதிரியோ கன்னியின் மாதிரியோ அந்தத் தொகுப்பில் இல்லையென்றால், கருவி அருகிலிருக்கும் ஏதேனும் வெளிநாட்டு இனங்களின் பெயர்களைத் துண்டு துண்டாக அடுக்கிவிடும். ஒரு குடும்பத்துக்கு வந்த அறிக்கையில், அவர்கள் கேள்விப்பட்டிராத ஏழெட்டு இனங்கள் சிறுசிறு விழுக்காடுகளில் இருந்தன. நாய் என்னவோ பள்ளத்தூர்த் தெருவில் பிறந்து வளர்ந்தது. அனுப்புவதற்கு முன் அந்த நிறுவனம் தெற்காசிய ஊர் நாய்களைத் தனித் தொகுதியாக வைத்திருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். வைத்திருந்தால் சோதனைக்குப் பயன் உண்டு. இல்லையென்றால் அந்தப் பணத்தில் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

இனம் தெரிந்தால் குணம் தெரியும் அல்லவா?

2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் குணத்தைப் பற்றிக் கேட்டு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது 9 விழுக்காடு அளவே என்று அது கண்டது.  ஊகித்து எழுதிய இனப் பெயருக்கு அந்த மதிப்பும் கிடையாது.

தவறான பெயர் கேடும் செய்யும். 2024 மார்ச்சில் மத்தியக் கால்நடைப் பராமரிப்புத் துறை, ஆபத்தானவை என்று கருதிய பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் வளர்க்கத் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படிப்பட்ட சூழலில், தலை அகன்றிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சாது நாயின் அட்டையில் "பிட்புல் கலப்பு" என்று எழுதுவது அதன் வாழ்வையே அடைத்துவிடும். அந்தச் சொல்லை நாங்கள் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

குணத்தை அறிய நாங்கள் செய்வது எளியது. இரண்டு வாரமாவது கூர்ந்து பார்க்கிறோம்: சாப்பிடும்போது தட்டருகே ஆள் வந்தால் உறுமுகிறதா, திருவிழா வெடிச்சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது, குழந்தை ஓடினால் துரத்துகிறதா, தனியாக விட்டால் கதவைச் சுரண்டுகிறதா. நீங்களும் ஒரு நாளுக்கு இரண்டு நாள் வந்து, வெவ்வேறு நேரங்களில் பாருங்கள்.

மருத்துவருக்காவது இனத்தைச் சொல்ல வேண்டாமா?

ஓரிடத்தில் மட்டும் அவசியம். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்கு உடற்கொழுப்பு குறைவு. சிலவகை மயக்க மருந்துகளிலிருந்து அவை தெளிவதற்கு நேரம் பிடிக்கும். எனவே வேட்டை நாய் சாயல் உள்ள நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி இங்கே எந்த நாய்க்கும் ஆபத்தாக இருப்பவை வெறிநோயும், பார்வோ எனும் வைரஸ் வயிற்றுப்போக்கும், உண்ணிக் காய்ச்சலும். அவை இனம் பார்த்து வருவதில்லை. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

காது நுனி வெட்டப்பட்டிருக்கிறதே, அது ஏதாவது இன அடையாளமா?

இல்லை. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெரு நாய் என்பதற்கான குறி அது. அப்படிப்பட்ட நாயை நீங்கள் எடுத்தால் ஒரு அறுவை சிகிச்சைச் செலவு உங்களுக்கு மிச்சம்.

கடைசியில் அட்டையில் என்னதான் எழுதித் தருவீர்கள்?

முன்பு "இனம்" என்று ஒரு கட்டம் வைத்து அதை எப்படியாவது நிரப்பி வந்தோம். இப்போது அதை எடுத்துவிட்டு "தோற்றமும் ஊகமும்" என்று மாற்றியிருக்கிறோம். சென்ற வாரம் கானாடுகாத்தானுக்குத் தத்துப் போன நாயின் அட்டை இது: "பெட்டை. பற்களைக் கொண்டு வயது ஒன்றரை இருக்கலாம். எடை 16 கிலோ. செவலை, நெஞ்சில் வெள்ளை, குட்டை மயிர், வலக்காது மடிந்தது. நாட்டு நாய், மார்பின் ஆழத்தைப் பார்த்தால் வேட்டை நாய் சாயல் சிறிது இருக்கலாம். கருத்தடை முடிந்தது. பெரியவர்களிடம் உடனே ஒட்டிக்கொள்ளும். சைக்கிளைக் கண்டால் குரைக்கும். பூனையோடு பழகிப் பார்த்ததில்லை. இடிச்சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும், அப்போது இழுக்க வேண்டாம்."